மண்ணைச் சோதிக்காமல் மனை போடாதே!

தொழிலாளத் தோழர்களே!

தோட்டத்தை விட்டுக் கிளம்பும் நமக்கு, "இடம் தருகிறோம், வீடு தருகிறோம்" என்கிறார்கள். அது பழைய ஆலை நிலமா, குப்பைமேடா என்று கேட்டோமா? மேலே செம்மண்ணைக் கொட்டி மூடினால் அடியில் கிடக்கும் நஞ்சு அமுதமாகிவிடுமா?

இது வீண் பயமன்று. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் நடந்ததைக் கேளுங்கள். 'லவ் கால்வாய்' என்னும் பள்ளத்தில் ஹூக்கர் இரசாயனக் கம்பெனி ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் தள்ளிவிட்டு, "இனி எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. வீடுகளின் நிலவறைகளில் நஞ்சு கசிந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நஞ்சு புதைந்த நிலத்தில் பள்ளி கட்டியதால், பிள்ளைகளின் உடம்பே சோதனைக்கூடமாயிற்று!

சோதனை மாயவித்தையன்று. முதலில் நிலத்தின் சரித்திரத்தைப் பழைய பதிவேடுகளில் தேட வேண்டும். பிறகு பல இடங்களில், பல ஆழங்களில் மண்ணெடுத்து ஈயம், ஆர்சனிக், எண்ணெய்க் கழிவு உண்டா என்று பார்க்க வேண்டும். நிலத்தடி நீரையும், குப்பையிலிருந்து எழும் மீத்தேன் வாயுவையும் அளக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளி "சுத்தம்" என்பது கண்துடைப்பு!

பால்வெட்டுத் தோழர்களே! நம் தோட்டங்களில் அக்காலத்தில் களைக்குத் தெளித்ததும் ஆர்சனிக் நஞ்சுதான். மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கிராணிமார்களே! பழைய கணக்குப் புத்தகங்களைப் படிக்க நீங்கள் அறிவீர்கள். இருவரும் ஒரே குரலில் கேளுங்கள்:

"முதலில் சோதனை அறிக்கையைக் காட்டு, பிறகு சாவியை நீட்டு!"