ஐயமும் ஆதாரமும்

 

துப்பறியும் கதைகளைப் பிள்ளைகள் படிக்கலாமா என்னும் வினா பல இல்லங்களில் எழுவதுண்டு. விடை காணுமுன், அக்கதைகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதை அறிவது நலம்.

1841ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதிய சிறுகதையோடு இத்துறை தொடங்கியதாகக் கூறுவர். 1887இல் ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றினார். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இக்கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். பேய், மாயம் எதுவும் குறுக்கிடலாகாது. தற்செயலோ, காரணம் கூறவியலாத உள்ளுணர்வோ துப்பறிபவருக்குத் துணை புரியலாகாது. அவர் கண்ட தடயங்கள் உடனே வாசகர் முன்பும் வைக்கப்பட வேண்டும். வாசகரைத் திகைக்க வைக்கலாம், வஞ்சிக்கலாகாது என்பதே இவற்றின் சாரம்.

1892இல் வெளிவந்த ஹோம்ஸ் கதையொன்றில், பந்தயக் குதிரையொன்று இரவில் இலாயத்திலிருந்து காணாமற் போகின்றது. அன்று மாலை அங்கு வந்துபோன அந்நியன் மீது காவலரின் ஐயம் பாய்கின்றது. ஹோம்ஸோ, இலாயத்து நாய் குரைக்கவில்லை என்பதைக் கவனிக்கின்றார். அப்படியாயின் குதிரையைக் கொண்டு சென்றவன் நாய் நன்கறிந்த ஒருவனே!

திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை ஓதுவோர்க்கு இம்முறை புதிதன்று. நபி யூசுஃப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது, அப்பெண்ணின் குடும்பத்தாருள் ஒருவர் சட்டையைப் பார்க்குமாறு கூறினார். முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய். பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். சட்டை பின்புறமே கிழிந்திருந்தது. குற்றம் சாட்டியவள் வீட்டாரே உண்மையை உணர்ந்தனர்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். கதையில் எல்லோரையும் ஐயுறுவது சுவை தரும். வாழ்வில் அது பாவத்தில் தள்ளும். வீண் ஐயத்தையும் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கின்றது. வீட்டில் மோதிரம் காணவில்லை என்றதும் வேலைக்காரப் பெண்ணின் பெயரன்றோ நம் நாவில் முதலில் வருகின்றது! அவளுக்கு எதிராக நம் கையில் ஆதாரம் என்ன இருக்கின்றது? மோதிரம் பின்னர் தலையணை உறைக்குள் கிடைத்துவிடலாம். அவள் இழந்த மானத்தை எங்கே சென்று தேடுவது?

ஆதலால் நல்ல துப்பறியும் கதைகளைத் தேர்ந்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள். படித்து முடித்ததும், 'முதலில் யாரை ஐயுற்றாய்? ஏன்?' என்று கேளுங்கள். ஆதாரமின்றிப் பழி கூறலாகாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அவதூறினின்றும் நம் நாவுகளை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.