ஹெர்ப் புரூக்ஸை ஆபீஸுக்குக் கூட்டி வராதீர்கள்

ஐஸ் ஹாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சினிமாவில் தொடங்கியது. அதுவும் நானாகப் போய்ப் பார்த்ததில்லை. ஆபீஸில் ‘தலைமைப் பண்பு’ பயிற்சி என்று உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். 2004-ல் வந்த ‘மிராக்கிள்’. கர்ட் ரஸ்ஸல்தான் கோச் ஹெர்ப் புரூக்ஸ்.

காட்சி இதுதான். 1979 செப்டம்பர், ஆஸ்லோ. அமெரிக்க ஒலிம்பிக் அணி நார்வேயோடு 3-3 டிரா செய்கிறது. ஆட்டம் முடிந்த கையோடு புரூக்ஸ் பையன்களை மறுபடி பனித்தளத்தில் இறக்கி, கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பச் சொல்கிறார். அரங்க ஊழியர்கள் விளக்கை அணைத்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. சினிமாவுக்காகச் சேர்த்ததில்லை, நிஜமாகவே நடந்தது. அந்த ஓட்டத்துக்கு ‘ஹெர்பீஸ்’ என்றே பெயர் உண்டு.

பயிற்சியாளர் படத்தை நிறுத்திவிட்டு, “இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?” என்றார். முதலில் கையைத் தூக்கியது நான். அழுத்தம் இல்லாமல் வைரம் இல்லை என்று ஏதோ சொன்னேன். கைதட்டினார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ரிலீஸ் வாரம். என் டீமில் அப்போதுதான் காலேஜ் முடித்து வந்திருந்த ஒரு பெண். இரவு பதினோரு மணிக்கு, எல்லோரும் இருக்கும் காலில், அவள் எழுதிய கோடை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பினேன். “இது உனக்கு ஹெர்பீஸ்” என்று ஜோக் வேறு. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். காரணம் என்ற இடத்தில் ‘உயர்கல்வி’ என்று எழுதியிருந்தாள். நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த மனுஷன் யார் என்று தேடிப் படித்தேன். நமக்குக் காட்டியது அந்த ஆளின் கால்வாசிதான்.

புரூக்ஸ் செயின்ட் பால் நகரத்துக்காரர். 1972-ல் மினசோட்டா பல்கலைக்கழக அணியை எடுக்கும்போது அது கடைசி இடத்தில் கிடந்த அணி. ஏழு வருடத்தில் மூன்று தேசியப் பட்டம்: 1974, 1976, 1979. ஒலிம்பிக்குக்கு அவர் தேர்ந்தெடுத்த இருபது பேரில் ஒன்பது பேர் அவரிடமே ஆடி வளர்ந்தவர்கள். யாரை எவ்வளவு நெருக்கலாம் என்பது அவருக்கு வருடக்கணக்கில் பழகிய கணக்கு. வந்து மூன்று மாதமான பெண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஆட்டத்தையும் அவர் மாற்றினார். முட்டி மோதும் வட அமெரிக்க பாணியோடு சோவியத்காரர்களின் வேகத்தையும், இடம் மாறி மாறிப் பந்தை (ஹாக்கிக்காரர்கள் மன்னிக்கணும், ‘பக்’கை) கடத்தும் முறையையும் சேர்த்தார். எதிராளியிடமிருந்தே படித்தார். இத்தனை வேலைப்பாட்டையும் ஓரங்கட்டிவிட்டு, விளக்கணைந்த அரங்கில் பையன்கள் மூச்சு வாங்குவதை மட்டும் வெட்டி எடுத்து நமக்குப் போடுகிறார்கள். ஏன்? டிசைனைக் கற்க உழைக்கணும். கத்துவதற்கு உழைப்பு வேண்டாம்.

“ஆனாலும் ஜெயிச்சாரே?” என்பீர்கள். ஜெயித்தார். 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட், 4-3. தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்த சோவியத் அணி, இரண்டு வாரம் முன்புதான் இதே பையன்களை 10-3 என்று நொறுக்கியிருந்தது. சரி, அன்று எதிர் பெஞ்சில் நின்றது யார்? விக்டர் டிக்கனோவ். வருடத்தில் பெரும்பகுதி ஆட்டக்காரர்களை வீட்டுக்கு விடாமல் முகாமில் அடைத்து வைத்தவர். கொடுமைதான் ஜெயிக்கும் என்றால் அன்று அவரல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? முதல் பகுதி முடியும் கடைசி நொடியில் ஒரு கோல் விழுந்ததும், உலகின் சிறந்த கோலி டிரெட்டியாக்கை உட்கார வைத்ததும் அவர்தான். 1984, 1988-ல் டிக்கனோவ் தங்கம் வாங்கினார், மறுக்கவில்லை. அதே 1988-ல் அவருடைய நட்சத்திரம் இகோர் லாரியோனோவ் ‘அகன்யோக்’ பத்திரிகையில் அவரை எதிர்த்து வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஆளும் நம் கதையில் வருவதே இல்லை: உதவிக் கோச் கிரெய்க் பாட்ரிக். புரூக்ஸ் வேண்டுமென்றே பையன்களிடமிருந்து தள்ளி நின்றார். அவர்கள் போய்ப் புலம்ப, தோளில் கை போட, பாட்ரிக் இருந்தார். இது இரண்டு பேர் சேர்ந்து செய்த ஏற்பாடு. நம் ஆபீஸில் புரூக்ஸ் வேடத்துக்குப் போட்டா போட்டி, பாட்ரிக்காக ஒருத்தரும் வருவதில்லை. அவர்களுக்கு முடிவு தேதியும் இருந்தது. பிப்ரவரி 24, ஃபின்லாந்தை 4-2 என்று வென்று தங்கம் வாங்கினார்கள், அவ்வளவுதான், வீட்டுக்குப் போனார்கள். நமக்கு ஒரு ரிலீஸ் முடிந்தால் அடுத்த ரிலீஸ்.

1960-ல் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, அணியிலிருந்து கடைசியாக வெட்டப்பட்ட ஆள் புரூக்ஸ். அந்த அணி அவர் இல்லாமலேயே தங்கம் வாங்கியது. அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார். இருபது வருடம் கழித்து அதே இடத்தில், ரால்ஃப் காக்ஸ் என்ற பையனைக் கடைசியாக வெட்டியதும் அவரேதான். என்ன வலி என்று அணுஅணுவாகத் தெரிந்த ஒருவர் செய்தது அது. எனக்கு அன்றிரவு எதுவுமே தெரிந்திருக்கவில்லை, கால் முடிந்ததும் தூங்கிவிட்டேன்.

அதற்கப்புறமான புரூக்ஸைப் படம் காட்டாது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 1985-ல் அவரை வெளியே அனுப்பியது. 1987-88-ல் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ், 80 ஆட்டத்தில் 19 வெற்றி. 2002 ஒலிம்பிக்கில் வெள்ளி. 2003 ஆகஸ்டில் மினசோட்டா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தார், வயது 66. அதே மனிதர்தான், சில இடத்தில் எடுபட்டது, சில இடத்தில் எடுபடவில்லை. அவரே பிப்ரவரி 22 அன்று மணி அடித்ததும் கொண்டாட நிற்கவில்லை. பையன்களைப் பனித்தளத்தில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன மாதம் மறுபடி பயிற்சிக்கு மெயில் வந்தது, அதே படம். “நம்ம கிரெய்க் பாட்ரிக் யார்?” என்று பதில் போட்டேன். அதன் கீழே அந்தப் பெண்ணின் பழைய மெயிலைத் தேடி எடுத்து, மன்னிப்பு என்று ஒரு வரி அடித்தேன். முதலாவதுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டாவது இன்னும் டிராஃப்டில் கிடக்கிறது.