உட்கார வைப்பதுதான் மரியாதையா?

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்கியதும், பல வீடுகளில் ஓர் ஏற்பாடு யாரும் சொல்லாமலே நடக்கிறது. அப்பா கையிலிருந்த கடைப்பையை மகன் வாங்கிக்கொள்கிறான். வாசல் தெளிக்கப் போன அம்மாவை மகள் தடுக்கிறாள். "நீங்க பேசாம உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." நேற்றுவரை சந்தைக்கு நடந்துபோய், மாடிப்படி ஏறி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் நான்கைந்து நாட்களுக்கு டி.வி. முன்னால் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிறார்கள். செய்பவர்களின் பாசத்தில் ஐயமில்லை. ஆனால் வயதானால் ஓய்வுதான் உடம்புக்கு மருந்து, பெரியவர்களை அசையவிடாமல் வைத்திருப்பதே மரியாதை என்று அந்தப் பாசத்தின் அடியில் கிடக்கும் நம்பிக்கை தவறானது. அது அவர்களை மெல்ல முடக்குகிறது என்பதால் அதை வெளிப்படையாக எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ஓய்வு தசைக்கு என்ன செய்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, உழைப்பைத் தாங்கும் உடல் திறனை முப்பதாண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. வயதானவர்களுக்கு இதற்கு மூன்று வாரம்கூட வேண்டாம். சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்தே நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலு ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. ஈசி சேரும் படுக்கையும் ஒன்றல்ல, நான்கு நாள் விடுமுறையில் யாருக்கும் ஒரு கிலோ தசை போய்விடாது என்பது சரிதான். ஆனால் அந்த நான்கு நாளில் வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. "இனிமே நீங்க சைக்கிள எடுக்கக் கூடாது", "மாடிக்கு ஏறாதீங்க", "காய்கறிய வீட்டுக்கே கொண்டாந்து தரச் சொல்லிட்டோம்." பிள்ளைகள் பஸ் ஏறிப் போனபிறகும் இந்த உத்தரவுகள் அங்கேயே இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அப்பா நாற்காலியின் கையை ஊன்றி எழுகிறார். "வயசாயிடுச்சு" என்று எல்லோரும் வருந்துகிறார்கள். வயதின் மேல் போடப்படும் அந்தப் பழியில் ஒரு பங்கு, பயன்படுத்தாமல் விட்ட தொடைத் தசைக்கு உரியது.

போன வலு திரும்பாது என்ற எண்ணமும் சரியல்ல. 1990-இல் பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். பலர் ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுடைய கால்வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலானது. 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர் கலந்துகொண்டார்கள். முறையாக நடையும், வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளும் செய்தவர்களிடையே, 400 மீட்டர் தூரம் நடக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊர்க் கணக்கில் 400 மீட்டர் என்பது வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், கோயில், ரேஷன் கடை. அந்தத் தூரத்தை நடக்க முடிகிறவர் தன் நாளைத் தானே தீர்மானிக்கிறார். முடியாதவர் இன்னொருவருடைய நேரத்துக்காகக் காத்திருக்கிறார்.

"விழுந்துட்டா யார் பாக்கறது?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நியாயமான பயம், இடுப்பெலும்பு முறிந்தால் பல முதியவர்கள் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பது அந்த ஆபத்தை வளர்க்கிறது. கால் வலுவும் சமநிலையும் குன்றியவர்தான், இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறுகிறார். பகல் முழுக்க உட்கார வைத்தாலும் அந்த நடையை யாராலும் தடுக்க முடியாது. உடற்பயிற்சி முதியவர்கள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு மதிப்பாய்வு காட்டியது. முழங்கால் தேய்மானம் இருப்பவர் நடக்கக் கூடாது என்பதும் இதே வகைப் பயம். மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. முழங்கால் வலிக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வதும் தொடையை வலுவாக்கும் பயிற்சிகளைத்தான். இதய நோய் உள்ளவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். இந்தக் கவனம் எப்படி நடப்பது என்பதற்கானது, எல்லோரையும் உட்கார்த்தி வைப்பதற்குக் காரணமாகாது.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அம்மா நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவள், அவளுக்கு இப்போதாவது ஓய்வு வேண்டாமா? வேண்டும். பதினைந்து பேருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, எல்லோரும் தூங்கியபின் படுக்கும் பாட்டிக்கு அந்தச் சுமையை இறக்கிக் கொடுப்பது கடமை. ஆனால் சுமையும் அசைவும் ஒன்றல்ல. அடுப்பருகே மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் கால் வீங்குகிறதே தவிர, சமநிலையோ மூச்சுத் திறனோ வளர்வதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலை, வலுப் பயிற்சிகளும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அதில் தனக்கென ஒரு நிமிடமும் கிடைக்காமல் போனவர்களில் நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம். மகனும் மருமகனும் சமையலறைக்குள் போகட்டும். பாட்டி பேத்தியோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வரட்டும். தனியாகத் தெருவில் நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு ஆள் நிறைந்த விடுமுறை நாட்களைவிட நல்ல தொடக்கம் அமையாது.

அந்த நடை பேச்சு தடைபடாத வேகத்தில் இருந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட மட்டும் மூச்சு போதாமல் இருக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து பழகலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம். "என்னால முடியாதுப்பா" என்று தாத்தா சொன்னால் வற்புறுத்தக் கூடாது. முன்னால் நடக்கக் கூடாது, பக்கத்தில் நடக்க வேண்டும், அவர் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் குளியலறையில் ஒரு கைப்பிடியும், படிக்கட்டில் நல்ல விளக்கும், வழுக்காத செருப்பும் வாங்கிக் கொடுக்கட்டும். கடைப்பையை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரோடு சந்தை வரை நடக்கட்டும்.