செகண்ட் ஷிப்ட் தோழருக்கும் கிளைக் கூட்டம் வேணும்!

தோழர்களே, நம்ம கிளைக் கூட்டம் எப்பவும் மாலை 6 மணிக்குத்தான். அந்த நேரம் ஒரகடத்துல செகண்ட் ஷிப்ட் தோழர் லைன்ல நிக்கிறார், செல்போன் லாக்கர்ல. ஜூம் லிங்க் அனுப்பி என்ன பயன்? (நானே அனுப்பியிருக்கேன்!) பொறுப்பாளர் தேர்வுகூட அவர் இல்லாமலே முடிஞ்சிடுது.

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் இரவில் நேரில் கூட வேண்டியிருந்துச்சு. 2020 தேர்தலுக்குப் போன் வழியாகக் கலந்துகொள்ளும் திட்டத்தை, ஹேக்கிங் பயத்தால் ஜனநாயகக் கட்சித் தலைமை ஏற்கல. பதிலா, வர முடியாதவங்களுக்குத் தனி இடம், தனி நேரம் கொடுத்தாங்க. ஒட்டம்வா ஊர்ல இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் மதியமே கூடினாங்க. வந்தது 15 பேர்தான். அதுல 14 பேர் பெர்னி சாண்டர்ஸ் பக்கம். அதுவும் மாகாணக் கணக்குல சேர்ந்துச்சு.

நமக்கும் மாதம் ஒரு கூட்டம் காலை 10 மணிக்கு, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் பக்கத்திலேயே வைக்கலாமே? ஒன்றிய நிர்வாகிகள் தேதி சொல்லுங்க, போஸ்டர் நாங்க ரெடி பண்றோம்.