வாடகைக்கு எடுத்த சேர்வர் தனிக்கடையா, தடுத்த கடையா?

அரிசி வாங்கும்போது மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறோம். துணியென்றால் விரல்களுக்கிடையில் கசக்கிப் பார்க்கிறோம். ஆனால் மாதாமாதம் டொலரில் வாடகை கட்டும் சேர்வரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறது என்கிறார்கள். நாமும் பில்லைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

ஒரு பெரிய கணனியை மென்பொருளின் மூலம் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தனிக் கணனி போல இயங்கச் செய்யலாம். இதைத்தான் வேர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். பெரிய கடையொன்றுக்குள் பலகை அடித்து எட்டுக் கடைகளாக வாடகைக்கு விடுவதைப் போன்றது. இது புதிய விடயமுமல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே வீஎம்/370 என்ற பெயரில் தனது பெரிய கணனிகளுக்கு இதை அறிமுகப்படுத்தியது. சாதாரண மேசைக் கணனிக்கு இதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது 1998இல் தொடங்கப்பட்ட வீஎம்வெயார் நிறுவனம்.

வேர்ச்சுவல் என்றால் மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எமது கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். முழு சேர்வரையும் ஒரு கோப்பைப் போல பிரதியெடுத்து வைக்கலாம், ஒரு இயந்திரம் பழுதடைந்தால் இன்னொன்றில் ஏற்றலாம். எனது ஆட்சேபம் ஒன்றுதான்: பலகை அடித்த கடையை முழுக்கடையின் வாடகைக்கு விடுவது.

எனக்குத் தெரிந்த வன்பொருள் வியாபாரி ஒருவருக்கு மூன்று கிளைகள். 'உங்களுக்கென்றே தனி இயந்திரம்' என்று சொல்லி ஒரு கம்பனி அவருக்கு சேர்வர் கொடுத்திருந்தது. மாத முடிவில் ஸ்டொக் கணக்கு எடுக்கும்போதெல்லாம் அது இழுத்துக்கொண்டு நிற்கும். கணனி படிக்கும் அவரது மருமகன் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அது பலருக்குப் பிரித்துக் கொடுத்த இயந்திரத்தில் ஒரு கூறு என்று தெரியவந்தது. கம்பனியிடம் கேட்டதற்கு, 'வேகத்தில் வித்தியாசம் இல்லையே ஹாஜியார்' என்று பதில் வந்ததாம். வித்தியாசம் இல்லையென்றால் விலையில் மட்டும் ஏன் வித்தியாசம்?

அந்தப் பிள்ளை பார்த்த முறை மிக எளிது. விண்டோஸ் சேர்வராக இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் பகுதியில் சிபியூ என்ற இடத்துக்குப் போனால், 'வேர்ச்சுவல் மெஷின்: யெஸ்' என்று அதுவே சொல்லும். ஆனால் கவனம். நிஜக் கணனியில் 'வேர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று வேறொரு வரி இருக்கலாம். கூறுகளாகப் பிரிக்கும் வசதி அந்த இயந்திரத்தில் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, சிஸ்டம் இன்போமேஷன் என்ற பகுதியில் உற்பத்தியாளர், மொடல் இரண்டையும் பாருங்கள். நிஜ இயந்திரமென்றால் டெல், எச்பி போன்ற பெயர்கள் இருக்கும். மற்றதென்றால் வீஎம்வெயார், வேர்ச்சுவல் பொக்ஸ் என்று வரும். மைக்ரோசொப்ட்டின் ஹைப்பர்-வீ என்றால் உற்பத்தியாளர் மைக்ரோசொப்ட் என்றும், மொடல் 'வேர்ச்சுவல் மெஷின்' என்றும் காட்டும். மைக்ரோசொப்ட் நிஜக் கணனியும் விற்கிறது, எனவே மொடலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லினக்ஸ் என்றால் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-வேர்ட்' என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். 'நன்' என்று வந்தால் எதுவும் பிடிபடவில்லை என்று அர்த்தம். வலையமைப்பு அட்டையின் இலக்கமும் காட்டிக்கொடுக்கும். 08-00-27 என்று தொடங்கினால் பெரும்பாலும் வேர்ச்சுவல் பொக்ஸ், 00-50-56 என்றால் வீஎம்வெயார்.

இவையெல்லாம் லேபல்கள்தான். லேபலை மாற்றி ஒட்ட முடியும் என்பது வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல. உற்பத்தியாளர் பெயரையும் அட்டை இலக்கத்தையும் விரும்பியபடி மாற்றிவிடலாம். லேபலை நம்பாமல் உள்ளே தட்டிப் பார்க்கும் வழியை 2004இல் போலந்தைச் சேர்ந்த ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 'ரெட் பில்' என்ற பெயரில் வெளியிட்டார். கணனியின் ஓர் உள் அட்டவணை நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரேயொரு கட்டளையால் கேட்பது அது. வேர்ச்சுவலென்றால் முகவரி வேறிடத்தைக் காட்டும். 2005இல் இன்டெல் தனது சிப்புக்குள்ளேயே இந்தப் பிரிப்பு வசதியைச் சேர்த்த பிறகு அந்த வித்தை பலிக்காமல் போயிற்று. ஆனாலும் நேரத்தை மறைப்பது கடினம். சில கேள்விகளுக்கு வேர்ச்சுவல் மெஷின் சற்றுத் தாமதித்தே பதில் சொல்லும், பின்னால் இருக்கும் முதலாளியிடம் கேட்டுவிட்டு விலை சொல்லும் கடைப்பையனைப் போல. முற்றாக மறைத்துவிடுவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று 2007இல் ஆய்வாளர்கள் நால்வர் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். அவர்களில் ஒருவர் வீஎம்வெயார் நிறுவனத்திலேயே பணியாற்றியவர்.

விற்பவர்களும் இதே சோதனையைச் செய்கிறார்கள். என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் அட்டையை வேர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுத்தால், அதன் டிரைவர் அதைக் கண்டுபிடித்து 'பிழை 43' என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். அதிக விலையுள்ள தொழில்சார் அட்டைக்கு அந்தத் தடை இல்லை. பாவனையாளர்கள் வேர்ச்சுவல் அடையாளத்தை மறைத்து ஓட்டினார்கள். பல வருடங்களின் பின்னர் 2021இல்தான் நிறுவனம் இறங்கிவந்து அனுமதித்தது. காசு கொடுத்து வாங்கிய அட்டையை எந்தக் கணனியில் போடுவது என்பதை வாங்கியவரே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே சோதனையுடன் எழுத்தும் வேண்டும். தனி சேர்வர் என்று வாங்குவதானால் இன்வொய்ஸில் 'டெடிகேட்டட்' என்ற சொல்லையும், இயந்திரத்தின் மொடலையும், அதன் சேர்விஸ் டேக் அல்லது சீரியல் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். டெல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்தால் இயந்திரத்தின் விபரம் வந்துவிடும். டெல் இயந்திரத்தில் ஐடிராக், எச்பியில் ஐஎல்ஓ என்ற தூரக் கட்டுப்பாட்டு வசதி கிடைக்குமா என்றும் கேளுங்கள். முழு இயந்திரத்தையும் இயக்கும் சாவி அது. பலருக்குப் பிரித்துக் கொடுத்த இயந்திரத்தின் சாவியை எவரும் ஒருவர் கையில் கொடுக்கமாட்டார்கள்.

உள்நாட்டு விற்பனையாளராக இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. ஆனால் முறைப்பாட்டுடன் நீட்டுவதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன வார்த்தையை இணைக்க முடியாது.

தெரிந்தே வேர்ச்சுவல் எடுத்தவர்களும் ஒன்றைப் பார்க்கலாம். லினக்ஸில் 'டொப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பல இடங்களில் 'எஸ்டி' என்று ஒரு எண் வரும். உங்கள் வேலை காத்திருக்க, பக்கத்துக் கூறுகள் சிபியூவை எடுத்துக்கொண்ட நேரத்தின் வீதம் அது. பூச்சியத்தை ஒட்டியிருந்தால் கவலையில்லை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் பத்து, பதினைந்து என்று நின்றால் அந்தத் திரையைப் படமெடுத்து, அடுத்த மாத வாடகை கட்டுமுன் கம்பனிக்கு அனுப்பிவையுங்கள்.