விசாகப்பட்டினம் உருக்காலை: பணம் வந்தது, சுரங்கம் வரவில்லை

விசாகப்பட்டினம் உருக்காலையின் பங்குகள் முழுவதையும் தனியாருக்கு விற்க, 2021 ஜனவரி 27 அன்று ஒன்றிய அரசு கொள்கை ஒப்புதல் அளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே அரசு அதே ஆலைக்கு ரூ.11,440 கோடி மீட்பு நிதி அறிவித்தது. விற்க முடிவெடுத்த ஆலைக்கு இவ்வளவு பணம் ஏன்? இதனால் ஆலை பிழைக்குமா? விடை காண அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

இது அரசு தானாக முன்வந்து கொடுத்த ஆலை அல்ல. 1966இல் 'விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு' என்று முழங்கி மக்கள் தெருவில் இறங்கினார்கள். 'விசாகப்பட்டினம் உருக்காலை ஆந்திர மக்களின் உரிமை' என்பது அதன் பொருள். அந்த 'ஹக்கு', நாம் அன்றாடம் சொல்லும் 'ஹக்' என்ற அரபுச் சொல்தான். அந்தப் போராட்டத்தில் 32 உயிர்கள் பலியாயின. 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் இந்த ஆலையை அறிவித்தார். நம் சேலம் உருக்காலையும் அதே அறிவிப்பில் பிறந்ததுதான். ஆலைக்காக 60க்கும் மேற்பட்ட கிராமங்களின் மக்கள் நிலம் கொடுத்தார்கள். சோவியத் ஒன்றியத்தின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்த ஆலையை, 1992இல் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ஆண்டுக்கு 30 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தித் திறன், விரிவாக்கத்தாலும் நவீனமயத்தாலும் 73 லட்சம் டன்னாக உயர்ந்தது. பிறகு ஏன் நட்டம்?

முதல் காரணம், ஆலைக்கென்று இயங்கும் சொந்த இரும்புத் தாதுச் சுரங்கம் இல்லை. போட்டியில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் சொந்தச் சுரங்கத்திலிருந்து தாது எடுக்கின்றன. இந்த ஆலையோ சந்தை விலை கொடுத்து வாங்குகிறது. இரண்டாவது காரணம், விரிவாக்கத்துக்கு வாங்கிய கடனும் அதன் வட்டியும். உருக்கு விலை சரிந்தபோது இந்த இரண்டு சுமையும் சேர்ந்து அழுத்தின. 2024இல் மூன்று ஊதுலைகளையும் ஒருசேர இயக்கப் பணமில்லாத நிலை வந்தது.

இப்போது வந்துள்ள தொகையில் ரூ.10,300 கோடி பங்கு மூலதனம், மீதி ரூ.1,140 கோடி, கடனைப் பங்காக மாற்றியது. இது மூச்சு விட உதவும். ஆனால் தாதுச் செலவைக் குறைக்காது. சொந்தச் சுரங்கம் கொடுங்கள், அல்லது சுரங்கங்கள் வைத்திருக்கும் அரசு நிறுவனமான 'செயில்' உடன் இணையுங்கள் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது இதனால்தான். நிதி வந்த பிறகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். சிக்கனத்தின் சுமை முதலில் கடைநிலைத் தொழிலாளியின் வீட்டு அடுப்பில்தான் விழுகிறது.

பொதுச் சொத்து அரசின் கையில் இருக்கும் அமானிதம். நிலம் கொடுத்தவர்களுக்கும், உயிர் கொடுத்தவர்களுக்கும், அங்கே உழைப்பவர்களுக்கும் அதில் ஹக் உண்டு. தாதுக்கு வழி செய்யாமல் பணத்தை மட்டும் கொடுத்தால், சில ஆண்டுகளில் மீண்டும் நட்டக் கணக்கைக் காட்டி விற்பனைப் பேச்சைத் தொடங்குவது எளிது. அந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நாம் இப்போதே கேட்டாக வேண்டும்.