மெடிக்கெய்ட் கணக்கில் ஏழைகள் எங்கே?

மெடிக்கெய்ட் பேச்சு வந்தாலே "செலவைக் குறைக்கணும்", "கை வைக்கக் கூடாது" என்று இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. மாநிலங்களுக்குப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. வரி கட்டுகிற நமக்கு அது தெரிய வேண்டாமா?

1965இல் வந்த இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாநிலத்தின் மூன்றாண்டு சராசரி தனிநபர் வருமானத்தை நாட்டுச் சராசரியால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 45ஆல் பெருக்கினால் மாநிலத்தின் பங்கு சதவீதமாகக் கிடைக்கும். மீதி மத்திய அரசுடையது. வருமானம் நாட்டுச் சராசரியில் 80 சதவீதம் என்றால் மத்தியப் பங்கு 71.2. 120 சதவீதம் என்றால் 35.2தான். ஆனால் 50க்குக் கீழே போகாது, 83ஐத் தாண்டாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அதனால்தான் மிசிசிப்பிக்கு சுமார் 77, கலிபோர்னியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் 50. ஒபாமா காலச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெரியவர்களுக்கு மட்டும் எல்லா மாநிலத்துக்கும் 90.

இதில் நல்லது ஒன்று உண்டு. ஆட்கள் கூடினால் பணமும் கூடும். மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அதை விட்டுவிடக் கூடாது.

கோளாறு வேறு இடத்தில். சராசரி வருமானம் ஏழைகளை எண்ணுவதில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் சம்பளம் ஏறினால் கலிபோர்னியாவின் சராசரி ஏறும். ஃபிரெஸ்னோ பண்ணைத் தொழிலாளியின் நிலைமை அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது, கணக்கு பழசு. 2025 நிதியாண்டுக்கு எடுத்துக்கொண்டது 2020 முதல் 2022 வரையிலான வருமானம். திடீரென மந்தம் வந்து வேலை போனால் திட்டத்தில் சேர்பவர்கள் கூடுவார்கள், மாநில வரி வருவாய் குறையும். சூத்திரமோ பழைய நல்ல காலத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். 2009லும் 2020லும் காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டுத்தான் பங்கை உயர்த்தியது. 2020இல் அது 6.2 சதவீதப் புள்ளிகள். ஒவ்வொரு தடவையும் காங்கிரசின் கருணைக்குக் காத்திருக்கணுமா?

"பணக்கார மாநிலத்துக்கு எதுக்கு 50?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அளவுகோலை மாற்றாமல் அந்த வரம்பை மட்டும் எடுத்தால், ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டியவை. எங்கே வெட்டுவார்கள்? பெரியவர்களின் பல் சிகிச்சையில், டாக்டர் கட்டணத்தில், வீட்டுப் பராமரிப்பில்.

"நமக்கென்ன, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே" என்று நம்மாளுங்க பலர் நினைப்பது உண்டு. லேஆஃப் ஆனால் அது எத்தனை நாளைக்கு? மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு வீட்டிலேயே உதவி, முதியோர் இல்லச் செலவு என்று வரும்போது பல குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது மெடிக்கெய்ட் வாசலில்தான்.

செய்ய வேண்டியவை தெளிவு. வருமானத்தோடு வறுமையில் இருப்போர் எண்ணிக்கையையும் மாநிலத்தின் மருத்துவச் செலவையும் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். வேலையின்மை ஏறும்போது மத்தியப் பங்கு தானாக ஏற வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் "மெடிக்கெய்டை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். "எங்கள் மாநிலத்தின் பங்கை எப்படிக் கணக்கிடப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.